ஏலமலையும் தேனீயும்

தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறிய தமிழர் இல்லங்களில் உடையும் உணவும் பேச்சும் ஓரளவு மாறியிருக்கலாம். ஆயினும் பாயசத்திலும் பானகத்திலும் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடும் வழக்கம் மாறவில்லை. டில்லியில் கடைக்காரரிடம் ‘இலாயச்சி’ என்று கேட்கிறோம். கொல்கத்தாவில் ‘ஏலாச்’ என்கிறோம். மும்பையில் ‘வேல்ச்சி’, பெங்களூரில் ‘ஏலக்கி’, ஐதராபாத்தில் ‘யாலகுலு’. பெயர்கள் பலவாயினும் அவற்றினுள்ளே ‘ஏல’ என்னும் ஒலியே நின்று நிலவுவதைச் செவியுடையார் எவரும் உணர்வர். ஊர்தோறும் பெயரை மாற்றிக்கொள்ளும் இப்பண்டம் எங்கே பிறக்கிறது, யார் கையால் வளர்கிறது, எவ்வாறு காய்க்கிறது என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. அவ்வரலாறு தமிழ் மக்களின் உழைப்போடு பிணைந்தது. தேனீ என்னும் சிற்றுயிரின் உழைப்போடும் பிணைந்தது.

ஏலத்தின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. வேற்று நாட்டிலிருந்து கொணர்ந்து நட்ட தேயிலை, காப்பி, ரப்பர் போன்றதன்று அது. அம்மலைகளின் மழைக்காட்டு நிழலிலே தானாகப் பிறந்து வளர்ந்த செடி. கேரள மாநிலத்தின் கிழக்கெல்லையில் இடுக்கி மாவட்டமும், வடக்கே பாலக்காட்டு மாவட்டத்து நெல்லியாம்பதி மலைகளும் அதன் பழைய உறைவிடங்கள். இவ்விரண்டு பகுதிகளுக்கும் இடையில் ஆனைமலைத் தொடர் பாலம்போல் கிடக்கிறது. எல்லைக்கோடு எங்கே ஓடினும், மலைக்கு அது தெரிவதில்லை. உடும்பன்சோலை, வண்டன்மேடு, பூப்பாறை, சாந்தன்பாறை, பாம்பாடும்பாறை, மயிலாடும்பாறை என்னும் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். சோலையும் மேடும் பாறையும் ஈற்றில் நிற்கும் இப்பெயர்கள் தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றுவதில்லை. நெடுங்காலமாக இரு மொழியினரும் ஏறி இறங்கிய மலை அது என்பதற்கு அப்பெயர்களே சான்று.

ஏலம் இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் படர்ந்து கிடக்கும் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் புதிய தட்டைகள் எழும். ஒரு தட்டை முதிர்ந்து காய்ந்தால், அதன் அடியிலிருந்து வேறு தட்டைகள் கிளம்பும். இவ்வாறு ஒரே தூறு பல ஆண்டுகள் வாழ்கிறது. ஆளுயரத்துக்கும் மேலே ஓங்கி நிற்கும் அதன் இலைகளைப் பார்ப்பவர் பூவையும் காயையும் உச்சியிலே தேடி ஏமாறுவர். பூங்கொத்து தூரின் அடியிலிருந்து புறப்படுகிறது. அதனைச் ‘சரம்’ என்பர். மலபார் வகையில் சரம் தரையோடு தரையாகப் படரும். மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதாகச் சாய்ந்து நிற்பது ‘வழுக்கை’ வகை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரை உயரமும், நல்ல மழையும், ஈரக்காற்றும், மரநிழலும் வாய்த்த இடத்திலேயே அது செழிக்கும். நகரத்து மாடியில் தொட்டியில் வைத்த ஏலச்செடி இலைவிட்டு மணம் பரப்பலாம். காய் தருவது அரிது. அதற்குத் தட்பவெப்பம் மட்டும் காரணமன்று.

ஏலப்பூவின் இயல்பைச் சற்றே கூர்ந்து நோக்குதல் வேண்டும். வெண்ணிறமான அதன் அகலிதழில் ஊதா வரிகள் ஓடும். வைகறையில், கதிரவன் எழுமுன்னரே அது மலர்கிறது. அன்று மாலைக்குள் வாடிவிடுகிறது. அதன் வாழ்நாள் ஒரு பகல். அந்த ஒரு பகலிலும் முற்பகல் நேரமே கருக்கொள்வதற்கு ஏற்றது. பூவினுள் மகரந்தமும் சூல்முடியும் அருகருகே இருப்பினும், ஒன்று மற்றொன்றின்மேல் தானாகச் சென்று படிய வழியில்லை. சூல்முடி மகரந்தப்பைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. காற்றும் அதற்கு உதவுவதில்லை. தேனருந்த வரும் ஈயொன்று அகலிதழில் அமர்ந்து, தலையை உள்ளே செலுத்தி, முதுகில் மகரந்தத்தைச் சுமந்து அடுத்த பூவுக்குச் சென்றால்தான் காய் உண்டாகும். அந்த ஈ வாராத பூ மாலையில் வெறிதே உதிர்ந்துபோகும். ஏலத்தோட்டத்தில் ஒரு நாளின் முற்பகல் வீணானால் அன்றைய பூக்கள் யாவும் வீணே.

ஆதியில் இச்செடியை யாரும் பயிரிடவில்லை. காட்டிலிருந்து காயைப் பறித்தனர். முதுவர், மன்னான், காடர் முதலிய மலைவாழ் மக்களே ஏலத்தை முதலில் அறிந்தவர். முதுவரும் மன்னானும் இடுக்கி மலைகளில் வாழ்பவர். தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர் என்பது முதுவரின் மரபுவழிக் கதை. காடர் நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், ஆனைமலைப் பகுதிகளில் வாழ்பவர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில், காடர் தேனும் மெழுகும் ஏலமும் தேடிக் கொணர்ந்து விற்ற செய்தியைக் காண்கிறோம். தேனையும் ஏலத்தையும் ஒரே கையினர் சேர்த்தனர் என்பது கருதத்தக்கது. மலைத்தேனீயின் கூடு எங்கே உண்டோ அங்கே ஏலம் காய்க்கும் என்பதைப் படித்தறியும் தேவை அவர்களுக்கு இருந்திராது.

காட்டு ஏலத்தை ஓரளவு பெருக்கும் முறையொன்றும் பழங்காலத்தே இருந்தது. அடர்ந்த காட்டில் ஓரிடத்தைத் தெரிந்து, கீழ்ச்செடிகளை வெட்டி அகற்றி, பெருமரம் ஒன்றை வீழ்த்துவர். மரம் விழுந்த இடைவெளியில் ஒளி புகும், மண் கிளறப்படும். அம்மண்ணில் உறங்கிக் கிடந்த ஏலவிதைகள் முளைத்தெழும். மூன்றாம் ஆண்டில் காய் கிடைக்கும். சில ஆண்டுகள் பறித்தபின் அவ்விடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் செல்வர். குடகிலும் மலையாளக் கரையிலும் 19-ஆம் நூற்றாண்டு வரை இம்முறை வழங்கியது. பயிர்த்தொழில் என்றும் இதைச் சொல்ல முடியாது. வெறும் பொறுக்கல் என்றும் சொல்ல முடியாது. காட்டின் இயல்பறிந்து அதனோடு ஒத்துழைத்த முறை எனலாம்.

கடல்கடந்த வாணிகத்தில் ஏலத்துக்குத் தொன்மையான இடம் உண்டு. அராபியர் அதனைக் காப்பியில் இட்டுப் பருகினர், இன்றும் பருகுகின்றனர். ஐரோப்பியர் வந்தபின், கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைவராயிருந்த வான் ரீடு என்பவர் மலையாள நாட்டுச் செடிகொடிகளை உள்ளூர் வைத்தியர்களின் துணைகொண்டு ஆராய்ந்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பன்னிரண்டு தொகுதிப் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அந்நூல் ‘ஏலத்தரி’ என்னும் நாட்டுப்பெயரைப் பதிவு செய்தது. தாவர நூலார் பின்னர் இச்செடிக்கு ‘எலட்டேரியா’ என்று பெயர் சூட்டியபோது அவ்வழக்கையே கைக்கொண்டனர். இன்று உலகெங்கும் அறிவியல் நூல்களில் வழங்கும் அப்பெயரில் நம் மலைநாட்டு மக்களின் சொல் உறைந்துள்ளது.

இனி, அரசர் கைக்கு ஏலம் சென்ற வரலாற்றைக் காண்போம். திருவிதாங்கூரில் ஏலம் அரசுக்கே உரிய பண்டமாக இருந்தது. எவர் விளைவித்தாலும், காயை அரசின் பண்டசாலையில் ஒப்படைத்துத் தமக்குரிய பங்கைப் பெறவேண்டும். ஆலப்புழைத் துறைமுகத்தில் அது விற்கப்பட்டது. உயர்தரப் பச்சை ஏலக்காய்க்கு வாணிகர் இன்றும் ‘ஆலப்பி பச்சை’ என்று பெயர் வழங்குவது அந்நாளின் எச்சமே. ஏலமோ விளைவது கிழக்கெல்லை மலையுச்சியில். அங்கிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் வழி நெடியது, காடடர்ந்தது. கீழ்த்திசையில் இறங்கினாலோ சில மணி நேரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. ஆதலால் கணவாய்களிலெல்லாம் காவல் வேண்டியதாயிற்று. வார்டு, கானர் என்னும் ஆங்கிலப் படையலுவலர் இருவர் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர் நாட்டை அளந்து வரைபடம் தீட்டியபோது இம்மலைகளும் முதன்முறையாக முறைப்படி அளக்கப்பட்டன.

பூஞ்ஞாறு அரச குடும்பத்தார் தம்மைப் பாண்டியர் வழியினர் என்று கூறிக்கொள்பவர். உயர்மலைப் பகுதிகள் அவர்கள் வசம் இருந்தன. 1877-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அக்குடும்பத்துத் தலைவர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் குத்தகைக்கு விட்டார். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தோற்றுவாய் அதுவே. ஏலமலைகளிலும் மாறுதல் வந்தது. 1896-இல் அரசு தன் தனியுரிமையைக் கைவிட்டு, நிலத்துக்கு வரி வாங்கும் முறையை ஏற்படுத்தியது. மறு ஆண்டு, 1897 ஆகஸ்டில், ஏலமலைப் பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. மரம் அரசுக்கு, அடியில் விளையும் ஏலம் குடியானவருக்கு என்னும் இரட்டை ஏற்பாடு இவ்வாறு உருவாயிற்று. அந்நிலம் காடா, அன்றி வருவாய் நிலமா, அதன் பரப்பு எவ்வளவு என்னும் வழக்கு நூறாண்டுக்குப் பின்னரும் தீராமல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இவ்விடத்தில் ஏலத்துக்கும் தேயிலைக்கும் உள்ள வேற்றுமையைக் கருதுதல் வேண்டும். தேயிலைக்கு வெயில் வேண்டும். எனவே காட்டை முற்றிலும் வெட்டி, மலையை மொட்டையாக்கி நட்டனர். ஏலத்துக்கு நிழல் வேண்டும். எனவே பெருமரங்களை விட்டுவைத்துக் கீழே நட்டனர். மூணாற்றிலிருந்து பூப்பாறை வழியாக உடும்பன்சோலைக்குச் செல்பவர் இதனைக் கண்கூடாகக் காணலாம். ஒருபுறம் கத்தரித்த பாய்போல் தேயிலைச் சரிவு. மறுபுறம் மரங்களின் கீழே இருண்ட ஏலக்காடு. பலாவும் ஆயினியும் நாவலும் சந்தனவேம்பும் அங்கே நின்றன. ஏலம் பூவாத மாதங்களில் அம்மரங்களின் பூக்களே தேனீக்குச் சோறு. ஏலம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை மிகுதியாகப் பூக்கும். எஞ்சிய மாதங்களில் தேனீ பட்டினி கிடந்தால் அடுத்த பருவத்தில் ஏலப்பூவைத் தேடி வர அது இராது. அதே மலைத்தொடரில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2006-இலும் 2018-இலும் போல, பூக்கும் ஆண்டில் தேனீக்குப் பெருவிருந்து அளிக்கும். ஆனால் விருந்தை நம்பி யாரும் குடும்பம் நடத்துவதில்லை. அன்றாடச் சோறு நிழல்மரங்களிடமே இருந்தது.

இனி மனிதர் கதை. ஏலமலையில் விதை நட்டவரும், களை எடுத்தவரும், சரம் தவறாமல் குனிந்து காய் எடுத்தவரும் பெரும்பாலும் கம்பம், போடி, உத்தமபாளையம், தேவாரம் ஆகிய ஊர்களைச் சார்ந்த தமிழ் மக்கள். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்னும் கணவாய்களின் வழியே தலைச்சுமையாக அரிசியும் உப்பும் மேலே ஏறின. ஏலமூட்டை கீழே இறங்கியது. பெரியாற்று அணை 1895-இல் கட்டி முடிக்கப்பெற்றபின் மேற்கு நோக்கி ஓடிய ஆற்றுநீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்தது. நீர் கிழக்கே வந்தது. ஆள் மேற்கே சென்றார். இக்கொடுக்கல் வாங்கலில் இருபுறமும் வாழ்ந்தன.

காய் எடுப்பது எளிய வேலையன்று. சரத்திலுள்ள காய்கள் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. முற்றியதை மட்டும் விரலால் தெரிந்து கிள்ள வேண்டும். பிஞ்சையும் பூவையும் தொடலாகாது. மழையும் அட்டையும் நிறைந்த தோட்டத்தில் நாள் முழுதும் தரையோடு குனிந்து இவ்வேலையைச் செய்பவர் பெண்கள். பறித்த காயை ‘ஸ்டோர்’ என்று வழங்கும் உலர்த்தறையில் வெப்பக் காற்றில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்த்துவர். பசுமை கெடாமல் ஈரம் போகவேண்டும். சூடு மிகுந்தால் காய் வெடிக்கும், குறைந்தால் நிறம் வெளுக்கும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாக ஒடுங்கும்.

அவ்வுலர்காயின் சந்தையாகப் போடிநாயக்கனூர் வளர்ந்தது. 1928-இல் மதுரையிலிருந்து அவ்வூருக்கு இருப்புப்பாதை வந்தது. அகலப்பாதையாக்கும் பணிக்காக நெடுநாள் மூடப்பட்டிருந்த அப்பாதை 2023 ஜூனில் மீண்டும் போடி வரை திறக்கப்பட்டது. ஏலக்காய் ஏலம் விடப்படும் ஊர் என்று அதனைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை தோன்றும். பண்டத்தைக் குறிக்கும் ஏலம் நம் மண்ணின் பழஞ்சொல். கூவி விற்பதைக் குறிக்கும் ஏலமோ போர்ச்சுகீசியர் மொழியிலிருந்து வந்து தமிழில் கலந்தது. எங்கெங்கோ பிறந்த இரு சொற்கள் ஓருருக் கொண்டு ஒரே மேசைமேல் சந்திக்கின்றன.

1940-களில் போர்க்காலத்து உணவுப் பஞ்சம் மலையையும் தொட்டது. உணவுப் பயிர் விளைக்கவேண்டி மலைநிலத்தைத் திறந்துவிட்டது அரசு. நடுத்திருவிதாங்கூரிலிருந்து உழவர் பலர் குடியேறினர். நாடு விடுதலை பெற்றபின், மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எவருக்கு என்பது பெருஞ்சிக்கலாயிற்று. தமிழர் மிகுதியாக வாழ்ந்த அவ்வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் போராடினர். 1956 நவம்பர் முதல் நாளில் அவை கேரளத்தோடு நின்றன. 1972 ஜனவரி 26-இல் அப்பகுதி இடுக்கி மாவட்டமாயிற்று. எல்லை வகுக்கப்பட்டது, ஆனால் விடியற்காலையில் மலையேறும் தொழிலாளரின் பயணம் நிற்கவில்லை. தலைச்சுமைக்குப் பதில் ஜீப்பு வந்தது, அவ்வளவே.

அறிவியலும் அரசும் ஏலத்தின்பால் கவனம் செலுத்திய காலமும் அதுவே. 1956-இல் பாம்பாடும்பாறையில் ஏல ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏல வாரியம் அமைந்தது. அது 1987-இல் நறுமணப் பொருள் வாரியத்தில் கலந்தது. 1978-இல் மயிலாடும்பாறையில் இந்திய ஏல ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ‘கட்டே’ என்னும் நச்சுயிரி நோயும், மழைக்காலத்துக் காயழுகலும், இலைப்பேனும் உழவரை வாட்டிய காலத்தில் இந்நிலையங்கள் வழிகாட்டின. ஏலப்பூவைத் தேனீ நாடும் நேரத்தையும் அதனால் விளையும் பயனையும் ஆராய்ந்து, தோட்டத்தில் தேன்பெட்டி வைக்குமாறு அறிஞர்கள் பரிந்துரைத்தனர்.

இதனிடையே கடலுக்கு அப்பால் ஒரு போட்டி முளைத்தது. 1914-ஆம் ஆண்டளவில் ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் ஏலத்தை நட்டார். அந்நாட்டார் ஏலத்தைச் சமையலில் மிகுதியாகப் பயன்படுத்துவதில்லை, விளைந்ததெல்லாம் ஏற்றுமதிக்கே. 1983-இல் நம் மலைகளில் கடும் வறட்சி வந்து தோட்டங்கள் காய்ந்தன. அந்நேரம் பார்த்துக் குவாத்தமாலா அரபு நாட்டுச் சந்தையைப் பற்றிக்கொண்டு உலகின் முதல் விளைநாடாயிற்று. ஏலத்தின் தாய்நாடு தன் பண்டத்துக்கே இரண்டாம் இடம் நின்றது.

இந்நிலையிலிருந்து நம்மை மீட்டவர் பல்கலைக்கழகத்தார் மட்டுமல்லர். மலைநாட்டு உழவரும் ஆவர். செபாஸ்டியன் ஜோசப் என்னும் இடுக்கி உழவர் தம் தோட்டத்தில் மிகுந்து காய்த்த தூறுகளைக் கூர்ந்து நோக்கித் தெரிந்தெடுத்துப் பெருக்கினார். அவர்தம் குடும்பப் பெயரால் ‘ஞள்ளானி’ என்று வழங்கும் அவ்வகை 1990-களில் மலையெங்கும் பரவியது. விளைச்சல் பன்மடங்கு பெருகியது. முன்னர் ஆண்டுக்குச் சில ஆயிரம் டன்னாக இருந்த இந்திய விளைவு அண்மைக் காலத்தில் 20,000 டன்னையும் தாண்டியது. இதில் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்ததே.  மிகுந்து பூத்த அச்சரங்களைக் காயாக்கியவை தேனீக்களே.

விளைச்சலோடு வேறு சிலவும் பெருகின. புதிய வகைகள் கூடுதல் ஒளியைத் தாங்கும் என்று நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்தனர்; சில இடங்களில் மரங்களே குறைந்தன. ஒளி கூடவே செடி மிகுதியாகப் பூத்தது; மண் உலரவே நீர்ப்பாய்ச்சல் வேண்டியதாயிற்று. பூச்சிகளை ஒடுக்க மருந்து தெளிப்பது வழக்கமாயிற்று. ஏலத்துக்குக் காய்ப்பருவம் ஒன்றன்று. பூவும் பிஞ்சும் காயும் ஒரே சரத்தில் மாதக்கணக்கில் இருக்கும். எனவே எந்நாள் மருந்தடித்தாலும் அந்நாளில் மலர்ந்த பூவில் அது படியும். பூவை நாடி வந்த தேனீ மடியும். காயில் எஞ்சிய நஞ்சு காரணமாகச் சவூதி அரேபியா முதலிய நாடுகள் நம் ஏலக்காயை ஏற்கத் தயங்கிய காலமும் வந்தது. இலைப்பேனை ஒழிக்க எடுத்த வாளால் தோட்டத்தின் துணைவனையும் வெட்டினோம். வாணிகத்தின் நற்பெயரையும் வெட்டினோம்.

தேனீக்கு வேறொரு பேரிடரும் நேர்ந்தது. நம் நாட்டு அடுக்குத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கும் கலை தென்னாட்டில் பரவிய வரலாறு இனியது. 1910-களில் நியூட்டன் என்னும் கிறித்தவப் பாதிரியார் சிறிய நம்நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியை வகுத்து மக்களுக்குப் பயிற்சி அளித்தார். ‘நியூட்டன் பெட்டி’ என்று அது இன்றும் பெயர் பெறுகிறது. அதன்பின் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்சு என்பாரின் ஊரக முன்னேற்றப் பணியால் தேன்தொழில் வேரூன்றியது. அவ்வாறு வளர்ந்த கூட்டங்களில் பெரும்பகுதி 1991, 1992-ஆம் ஆண்டுகளில் பரவிய ‘தாய் சாக்புரூடு’ என்னும் நச்சுயிரி நோயால் அழிந்தது. புழுப்பருவத்திலேயே குஞ்சுகள் மடிந்தன, பெட்டிகள் வெறுமையாயின. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்தே பின்னர் மீண்டும் பெருக்கினர்.

2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. காட்டு ஏலத்தையும் தோட்ட ஏலத்தையும் ஒப்பிட்டு நோக்கிய அறிஞர்கள், இரண்டையும் நாடும் தேனீக்கள் வேறுவேறு என்று கண்டனர். காட்டில் பூக்கள் சிலவே. அவற்றைத் தனித்து வாழும் ஈக்களான நீலவரித் தேனீயும் இலைவெட்டித் தேனீயும் நாடின. தோட்டத்தில் பூக்கள் பல. அவற்றை மலைத்தேனீயும் அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும் கூட்டமாக வந்து மொய்த்தன. மனிதன் காட்டுச் செடியைத் தோட்டத்துக்குக் கொணர்ந்தபோது செடி மட்டும் மாறவில்லை. அதற்கு உறவான ஈயும் மாறியது. காட்டிலிருந்து பிரித்துத் தனியே வாழ்விக்கத்தக்க செடியன்று ஏலம் என்பதை இதனால் அறிகிறோம். பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு முதலிய காடுகளில் இன்றும் காட்டு ஏலம் தானாக வளர்கிறது. வருங்காலத்தில் நோய் தாங்கும் வகை வேண்டுமானால் அங்கேதான் தேடவேண்டும். அவ்விதைக்கருவூலத்தைக் காப்பவை பெயரறியாத அச்சிறு ஈக்கள்.

அண்மை ஆண்டுகள் உழவருக்கு அமைதி அளித்தவை அல்ல. 2018-இன் பெருவெள்ளம் மலைச்சரிவுகளை அரித்தது. விளைவு குறையவே 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அவ்விலையைக் கண்டு பலர் புதிதாக நட்டனர். சில ஆண்டுகளில் விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. 2024-இன் கோடையில் வறட்சி வந்து தோட்டங்கள் பல காய்ந்தன. அவ்வறட்சியில் திறந்த வெளியில் நின்ற செடிகளே பெரிதும் வாடின என்றால் வியப்பில்லை. நிழல் என்பது பழையோரின் மூடப்பழக்கம் அன்று. செடிக்குக் குடை, மண்ணுக்குப் போர்வை, தேனீக்கு இல்லம்.

என்ன செய்யலாம் என்னும் வினாவுக்கு விடை புதியதன்று. நம் நாட்டு மரங்களையே நிழலுக்கு வளர்த்தல். தேனீ நடமாடும் முற்பகலில் மருந்து தெளிக்காதிருத்தல். நோய் கண்ட தூறை முதலிலேயே பிடுங்கி எறிதல். தோட்டத்தில் தேன்பெட்டி வைத்தல். மலைத்தேனீ கூடு கட்டும் உயர்மரத்தை வெட்டாதிருத்தல். இவை யாவும் ஆராய்ச்சி நிலையங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவன. செலவு மிகுந்தவையும் அல்ல. விலை ஏறும் ஆண்டில் ஆசையும், விலை வீழும் ஆண்டில் அச்சமும் அவற்றைக் கேட்கவொட்டாமல் செய்கின்றன. மருந்தில்லாத காய்க்குச் சந்தை உரிய விலை கொடுக்குமானால் உழவர் தாமே அவ்வழி திரும்புவர். விலை கொடுப்பவர் வேறு யாரும் அல்லர். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பொட்டலம் வாங்கும் நாமே.

நேயர்களே, ஊரைவிட்டுத் தொழிலுக்காக வெளியே வந்தவர் நாம். ஏலமலைக்கு ஏறிய கம்பத்துப் பெண்ணும் அவ்வாறே வெளியே வந்தவள்தான். அவள் கடந்தது ஒரு மலை, நாம் கடந்தது சில மாநிலங்கள். வரலாற்று நூல்களில் அரசரின் தனியுரிமையும் குத்தகைப் பத்திரமும் எல்லைப் பிரிவினையும் இடம்பெறும். குனிந்து காய் கிள்ளியவளின் பெயரும், முற்பகலில் பூவுக்குப் பூ பறந்த ஈயின் பெயரும் இடம்பெறா. ஆனால் அவ்விருவர் வேலை ஒரு பருவம் நின்றால், பண்டசாலையும் ஏலமேசையும் நம் வீட்டு அடுக்களை டப்பாவும் ஒருங்கே வெறுமையாகும். ஏலக்காயின் விலையைக் கேட்கும்போது, அது எந்த நிழலில் விளைந்தது என்பதையும் ஒரு சொல் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடையே வளருமாயின், அம்மலைக்கு அது பெரிய உதவியாகும்.